தரம் உயர்ந்தது, விலை வரவில்லை: போர்தோவில் ஒரு 30 எக்டேர் தோட்டத்தின் கணக்கு

பிரான்சின் போர்தோ பகுதியில் ஒரு குடும்பத் தோட்டத்தில் 2010 முதல் 2024 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். 2022 இறுதியில் கணக்கைப் பார்த்துச் சொல்லும்படி குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ஏடுகள் என் கைக்கு வந்தன. ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை விட்டிருக்கிறேன். தோட்டத்தின் எண்களையும் கிட்டத்தட்டச் சரியாக வரும்படி தோராயமாக்கியிருக்கிறேன்.

பின்னணி

போர்தோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை 1855-இல் வகுத்த ஒயின் தரவரிசையில் உள்ள 61 சிவப்பு ஒயின் தோட்டங்கள். அவை அந்தப் பகுதியின் ஒரு சிறு துண்டுதான். அங்கே விளையும் ஒயினில் பெரும் பங்கு வெறும் ‘போர்தோ’ அல்லது ‘போர்தோ சுப்பீரியர்’ என்ற பொதுப்பெயரோடுதான் சந்தைக்குப் போகிறது. நாம் பார்க்கப்போகும் தோட்டமும் அப்படிப்பட்டதே. கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் 30 எக்டேர். முக்கால்வாசி மெர்லோ, மீதி கபெர்னே சோவிஞோன்; இரண்டும் சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகைகள்.

தந்தை காலத்தில் தோட்டம் நடந்த விதம் எளிமையானது. அறுவடை முடிந்து ஒயின் தெளிந்ததும் மாதிரியைத் தரகரிடம் கொடுப்பார்கள். தரகர் அதை நெகோசியான் எனப்படும் மொத்த வணிகரிடம் கொண்டுபோய் விலை பேசி முடிப்பார். அவருக்கு 2 சதவீதம். ஒயின் தொட்டி லாரியில் ஏறிப் போய்விடும். வணிகர் அதைப் பல தோட்டத்து ஒயினோடு கலந்து தன் பெயரில் அடைப்பார். விலை பேசுவது ‘தோனோ’ என்ற பழைய அளவில். ஒரு தோனோ 900 லிட்டர், அதாவது 1,200 பாட்டில். அந்த அளவுள்ள பீப்பாயை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, விலைப்பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

நிலத்தின் விலையையும் சொல்லிவிட வேண்டும். தரவரிசைத் தோட்டங்கள் நெருங்கிக் கிடக்கும் பொயாக் ஊரில் 2022 வாக்கில் ஒரு எக்டேர் 20 லட்சம் யூரோவைத் தாண்டிப் போனது. சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய இந்தக் குடும்பத்தின் நிலம் எக்டேருக்குப் பத்தாயிரம் யூரோவைச் சுற்றியே நின்றது. மண் வேறு, உண்மைதான். ஆனால் நூறு மடங்குக்கும் மேலான இடைவெளியை மண் மட்டும் உண்டாக்கிவிடாது. வாங்குபவர் காசு கொடுப்பது அந்த ஊரின் பெயரை லேபிளில் அச்சிடும் உரிமைக்கு. இந்த ஆய்வில் பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்து கிளைத்தவையே.

2010-2011: முதலீடு செய்யும் முடிவு

2010-இல் மகள் பொறுப்பேற்றார். மொத்த விற்பனையில் தோனோவுக்குக் கிடைத்த விலை செலவை ஒட்டியே இருந்தது. சில ஆண்டுகளில் கையைக் கடித்தது. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, விலகுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் தொடங்கி மூன்று பருவங்களுக்கு, கொடியைப் பிடுங்கிவிட்டு ஒதுங்கும் விவசாயிகளுக்கு மானியம் கொடுத்துவந்தது. ஒன்றியம் முழுவதும் சுமார் 1,60,000 எக்டேர் அப்படிப் போயிற்று. தந்தை விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தார், நிரப்பவில்லை.

இன்னொன்று, தரத்தை உயர்த்தித் தோட்டத்தின் சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைப்பது. மகள் இதைத் தேர்ந்தெடுத்தார். அன்றைய நிலையில் அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 2009, 2010 இரண்டும் அருமையான அறுவடை ஆண்டுகள் என்று உலகம் முழுவதும் பேச்சு. 2008 பிப்ரவரியில் ஹாங்காங் ஒயின் மீதான வரியை நீக்கியதிலிருந்து சீனப் பணம் போர்தோவுக்குள் வந்துகொண்டிருந்தது. மகள் படித்தவர்; ஆய்வுகளையும் புரட்டியிருந்தார். கெர்கோ, கின்ஸ்பர்க் என்ற இரு பொருளியலாளர்கள் போர்தோவின் ஓ-மெதோக் பகுதித் தோட்டங்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். ஒயினின் தரத்தைத் தீர்மானிப்பதில் மண்ணையும் நிலத்தின் சாய்வையும்விட, கவாத்து, அறுவடை, பாதாள அறை வேலை போன்ற உழைப்பும் தொழில்நுட்பமும்தான் மேலோங்குகின்றன என்பது அதன் முடிவு. சாதாரண நிலம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி எது? நிலத்தை மாற்ற முடியாது, வேலைமுறையை மாற்றலாம்.

கடன் சுமார் 5 லட்சம் யூரோ, 15 ஆண்டுத் தவணை. 10 எக்டேரில் பழைய கொடியை எடுத்துவிட்டு, எக்டேருக்கு 3,300 என்றிருந்ததை 5,500 கொடியாக நெருக்கி நட்டார்கள். கொடி நெருங்கினால் ஒவ்வொன்றும் குறைவாகக் காய்க்கும், சாறு செறிவாகும் என்பது கணக்கு. வெப்பம் கட்டுப்படுத்தும் தொட்டிகள், கனி பிரிக்கும் மேசை, ஓக் பீப்பாய்கள் எல்லாம் வந்தன.

விற்பனைக்கென்று ஒதுக்கிய தொகை கிட்டத்தட்ட இல்லை. கடன் விண்ணப்பத்தில் சந்தை பற்றி இருந்தது ஒரே ஒரு பத்தி. “தரத்துக்கேற்ற விலை கிடைக்கும்” என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. வங்கியும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

2014-2016: கணக்கு சரிவரத் தெரிந்த காலம்

புதுக்கொடி மூன்றாம் ஆண்டில்தான் முதல் கனி தரும். நல்ல ஒயினுக்கு இன்னும் சில ஆண்டு பொறுக்க வேண்டும். அதனால் முதல் பாட்டில்கள் சரிவிலிருந்த 4 எக்டேர் பழங்கொடியிலிருந்து வந்தன. 2013 மோசமான ஆண்டு. 2014 அறுவடை நன்றாக வந்தது, ஒரு போட்டியில் தங்கப் பதக்கமும் வாங்கியது.

ஒரு மொத்த வணிகர் மூலம் சீன இறக்குமதியாளர் ஒருவர் கிடைத்தார். 2016-இல் தோட்டம் விற்ற 45,000 பாட்டிலில் 30,000 அவருக்குப் போனது, வாசல் விலை 4.50 யூரோ. மீதி போர்தோ நகர உணவகங்களுக்கும் தோட்டத்துக்கே வந்து வாங்குவோருக்கும். ஏட்டில் முதல்முறையாக உருப்படியான லாபம். குடும்பத்தார் அதைத் தரத்துக்குக் கிடைத்த பலன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதக்கம் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 13 ஒயின் போட்டிகளின் முடிவுகளை ஒப்பிட்டு ஹாட்ஜ்சன் என்பவர் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு போட்டியில் தங்கம் வாங்கிய ஒயின் மற்றொன்றில் ஒன்றுமே வாங்காமல் போவது சகஜமாக இருந்தது. தங்கம் கிடைப்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் கண்டது. பாட்டிலில் ஒட்டிய வட்டம் விற்பனைக்கு உதவும்தான். உள்ளே இருப்பதைப் பற்றி அது சொல்வது கொஞ்சமே. இந்தக் குடும்பம் அந்த வட்டத்தை நம்பியே அடுத்த ஆண்டு மேலும் பீப்பாய் வாங்கியது.

2017: உறைபனி காட்டிக்கொடுத்தது

2017 ஏப்ரல் கடைசி வாரத்தில் அடித்த உறைபனி துளிர்களைக் கருக்கியது. போர்தோ முழுவதுமாகச் சேர்த்து அந்த ஆண்டு ஒயின் சுமார் 35 லட்சம் எக்டோலிட்டர்தான் (ஒரு எக்டோலிட்டர் 100 லிட்டர்), முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. இந்தத் தோட்டம் பாதிக்கு மேல் இழந்தது. தாழ்வான இடத்தில் நட்ட புதுக்கொடி 3 எக்டேரில் விளைச்சல் முழுவதும் போயிற்று.

சரக்கு இல்லாததால் மொத்தச் சந்தையில் தோனோ விலை 1,200 யூரோவைத் தாண்டியது. நன்றாக விளைந்த 2016 சரக்கை முன்பே விற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, அப்போது யாரும் கவனிக்கவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆஷன்ஃபெல்டர் போர்தோவின் புகழ்பெற்ற தோட்டங்களின் ஏல விலைகளை எடுத்து, குளிர்கால மழை, வளர்பருவ வெப்பம், அறுவடைக்கு முந்தைய மழை என்ற மூன்றைக் கொண்டே ஓர் ஆண்டின் ஒயின் விலை எங்கே போய் நிற்கும் என்று கணித்துக் காட்டியவர். அந்த உலகில் நல்ல வானிலை என்றால் நல்ல தரம், நல்ல தரம் என்றால் கூடுதல் விலை. பொதுப்பெயர் போர்தோவில் நிலைமை தலைகீழ். இங்கே கெட்ட வானிலைதான் விலையை ஏற்றியது, சரக்கைக் குறைத்ததால். வாங்குபவர் பொருட்படுத்தியது அளவை மட்டும். தரத்துக்காகக் கடன் வாங்கிய ஒரு தோட்டம் அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தான் இந்த இரண்டு சந்தைகளில் எதில் நிற்கிறோம் என்பது. விலை ஏறிய மகிழ்ச்சியில் அது மறைந்துபோனது.

2018-2021: விலையைப் பிடித்து வைத்த காலம்

2018 நடுவில் சீன இறக்குமதியாளர் அடுத்த கொள்முதலை மூன்றில் ஒன்றாகக் குறைத்தார். அடுத்த ஆண்டு நிறுத்திவிட்டார். அவர் தரத்தைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை. சிலி ஒயினுக்கு 2015-லிருந்தும் ஆஸ்திரேலிய ஒயினுக்கு 2019 ஜனவரியிலிருந்தும் சீனாவில் சுங்கவரி கிடையாது. பிரெஞ்சு ஒயினுக்கு 14 சதவீதம். அந்த விலைத்தட்டில் 14 சதவீதம் என்பது அவருடைய முழு லாபம். 2020 இறுதியில் ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனா கடும் வரி போட்டபோதும் அவர் திரும்பி வரவில்லை. அங்கே ஒயின் குடிப்பதே குறையத் தொடங்கியிருந்தது.

அமெரிக்கா 2019 அக்டோபரில் பிரெஞ்சு ஒயினுக்குப் போட்ட 25 சதவீத வரி, பிறகு 2020-இல் கோவிட். இவை எல்லோருக்கும் விழுந்த அடி. தோட்டத்தின் சொந்த முடிவை மட்டும் பார்ப்போம்.

பாட்டில்கள் தேங்கின. விலையைக் குறைக்கலாமா என்ற கேள்வி வந்தபோது மகள் மறுத்தார். ஒயினைத் திறக்காமல் அதன் தரம் தெரியாது, எனவே விலையே தரத்தின் அடையாளம். ஒருமுறை 3 யூரோவுக்கு விற்றால் அப்புறம் அது 3 யூரோ ஒயின்தான் என்பது அவர் வாதம். தவறான வாதம் என்று தள்ள முடியாது. விலை அதிகம் என்று சொல்லிக் கொடுத்தால் அதே ஒயின் கூடுதலாக ருசிப்பதாகக் குடிப்பவர்கள் சொன்னது சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தத் தத்துவம் வேலை செய்ய, விலையைத் தாங்கி நிற்கப் பணம் வேண்டும். பெரிய தோட்டங்கள் சரக்கைப் பல ஆண்டு கிடங்கில் வைத்துக் காத்திருக்கும். கடன் தவணை ஓடும் தோட்டத்தால் எவ்வளவு நாள் முடியும்?

2020 இலையுதிர்காலத்தில் பிடி நழுவியது. கிடங்கில் இடம் இல்லை, அடுத்த அறுவடை தொட்டிக்குள் வந்தாக வேண்டும். ஒரு பல்பொருள் அங்காடிக் குழுமத்துக்குத் தேங்கிய 2015, 2016 பாட்டில்களைப் பாட்டில் 2.60 யூரோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே லேபிள், அதே பெயர். அங்காடியில் 3.90-க்கு அடுக்கப்பட்ட பாட்டிலைப் பார்த்த இரண்டு உணவகக்காரர்கள், தங்களுக்கு ஏன் 4.50 என்று கேட்டார்கள். ஒருவர் கணக்கை முடித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுக்கு மேல் பல்லைக் கடித்துக் காத்த விலை ஒரே விற்பனையில் போனது. என் கணிப்பில் இந்தப் பதினான்கு ஆண்டுகளில் மிக விலை உயர்ந்த பிழை இதுதான், பணக்கணக்கில் அப்படித் தெரியாவிட்டாலும்.

2022: கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது

தோனோ விலை 650 யூரோவை ஒட்டி வந்திருந்தது. ஒரு பாட்டில் அளவுக்குக் கணக்கிட்டால் 54 சென்ட். உள்ளே போகும் ஒயினைவிட அதைச் சுற்றியுள்ள கண்ணாடி, கார்க், லேபிள், அட்டைப்பெட்டிக்கு அதிகம் செலவாகும் நிலை. உக்ரைன் போருக்குப் பிறகு கண்ணாடி விலையும் ஏறியிருந்தது. கடனில் நின்ற தொகை, கோவிட் காலத்து அரசு உத்தரவாதக் கடனும் சேர்ந்து, சுமார் 1,90,000 யூரோ.

ஏட்டில் தோட்டம் முழுவதற்கும் ஒரே கணக்குத்தான் இருந்தது. முதல் வேலையாக அதை மூன்று துண்டாகப் பிரித்தோம்: அகல வரிசைப் பழைய நிலம் 16 எக்டேர், சரிவிலிருந்த பழங்கொடி 4 எக்டேர், நெருக்கி நட்ட புது நிலம் 10 எக்டேர்.

அகல வரிசை நிலத்தில் எக்டேருக்கு 50 எக்டோலிட்டர் வரும், அதாவது ஐந்தரைத் தோனோ. வரவு சுமார் 3,600 யூரோ. செலவு 6,500. பார்த்த மாத்திரத்தில் 2,900 நட்டம். ஆனால் இது அவசரக் கணக்கு. நிலவரி, வாங்கி முடித்த டிராக்டரின் தேய்மானம், குடும்பத்தாரின் சொந்த உழைப்பு ஆகியவை கொடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடர்பவை. அந்த 1,500-ஐக் கழித்தால் தவிர்க்கக்கூடிய செலவு 5,000. ஆக ஒவ்வொரு எக்டேரையும் தொடர்ந்து பராமரிப்பதால் உண்மையில் ஆண்டுக்கு 1,400 யூரோ வெளியே போகிறது. நட்டம் வராமல் இருக்கத் தோனோ 900 யூரோவாவது விற்க வேண்டும்.

900-க்குத் திரும்புமா? உறைபனி ஆண்டுகளில் திரும்பும், ஆனால் அப்போது விற்கச் சரக்கு இருக்காது. நீண்டகாலப் போக்கைப் பார்த்தால் நம்பிக்கை குறைவு. 1960 வாக்கில் பிரான்சில் தலைக்கு ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல் குடித்தார்கள். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அந்தச் சரிவில் பெரிய அடி வாங்கியது அன்றாடச் சிவப்பு ஒயின், அதாவது இந்த நிலத்தில் விளைவது.

புது நிலம்தான் எல்லோரையும் திகைக்க வைத்தது. அங்கே எக்டேருக்கு 40 எக்டோலிட்டர்தான் வரும். வரிசைகள் அதிகம் என்பதால் டிராக்டர் அதிகத் தூரம் ஓடுகிறது, கவாத்துக்கும் ஆள் அதிகம்; செலவு 8,500. ஒயின் நன்றாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டிலுக்குப் போகாத பங்கு மற்ற சரக்கோடு சேர்ந்து அதே 650-க்குத்தான் லாரியில் ஏறியது. வரவு 2,900. அதாவது தோட்டத்தின் மிகச் சிறந்த கொடிகள், மொத்தமாக விற்கும்போது, மிக அதிக நட்டம் தருபவை. பாட்டில் விற்பனை 20,000-க்கு இறங்கியிருந்தது. 10 எக்டேரிலிருந்து 53,000 பாட்டில் வரும். அதுபோகச் சரிவு நிலத்தின் ஒயின் வேறு.

அப்புறம் பீப்பாய். 225 லிட்டர் புது ஓக் பீப்பாய் ஒன்று 900 யூரோ. அதில் 300 பாட்டில். முதல் நிரப்பில் பாட்டிலுக்கு 3 யூரோ. மூன்று முறை பயன்படுத்தினால் சராசரி 1 யூரோ. பாட்டில் ஒன்றின் செலவைப் பிரித்தால்: தோட்டவேலை 1.60, பீப்பாய் 1.00, கண்ணாடி முதல் பெட்டி வரை 1.00, பாதாள அறையும் வட்டியும் 0.50. மொத்தம் 4.10. விலை 4.50 என்றால் 40 சென்ட் மிஞ்சும், 3 யூரோ என்றால் 1.10 நட்டம். பீப்பாயை மட்டும் எடுத்துவிட்டால் 3 யூரோவில்கூட நட்டம் 10 சென்ட்டுக்கு வந்துவிடுகிறது.

ஓக் மணத்துக்கு வாங்குவோர் அந்த ஒரு யூரோவைக் கொடுக்கிறார்களா? மகள் தோட்டத்துக்கு வந்த வாடிக்கையாளர்களிடம் ஓக் பட்டதும் படாததுமாக இரண்டு ஒயினை லேபிள் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலோர் ஓக் படாததையே எடுத்தார்கள். இது முறையான சோதனை அல்ல, ஆனாலும் முடிவெடுக்கப் போதுமானதாக இருந்தது.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோம்ப்ரி, லெகோக், விஸ்ஸர் மூவரும் போர்தோ ஒயின் விலைகளை வைத்து 1997-இல் செய்த கணக்கு இங்கே நேராகப் பொருந்துகிறது. சுவைஞர் குழு கொடுக்கும் மதிப்பெண் நாக்கில் தெரியும் குணங்களைப் பின்தொடர்ந்தது. சந்தை விலையோ பெரும்பாலும் லேபிளில் படிக்கக்கூடியவற்றை, அதாவது ஊர்ப்பெயர், தரவரிசை, அறுவடை ஆண்டு போன்றவற்றைப் பின்தொடர்ந்தது. இந்தக் குடும்பம் கடன் வாங்கிச் செலவிட்டதெல்லாம் முதல் பட்டியலில் உள்ளவற்றுக்கு. விலை வந்துகொண்டிருந்தது இரண்டாவது பட்டியலிலிருந்து.

2023: எதைப் பிடுங்குவது

2022 டிசம்பரில் போர்தோ நகரில் விவசாயிகள் ஊர்வலம் நடத்தி, கொடியைப் பிடுங்க எக்டேருக்கு 10,000 யூரோ கேட்டார்கள். 2023-இல் வந்த திட்டம் 6,000 கொடுத்தது. அரசு 380 லட்சம் யூரோ, போர்தோ ஒயின் தொழில் குழு 190 லட்சம். 9,500 எக்டேர் வரை. அரசுத் தரப்பின் வாதம் நோய்த்தடுப்பு. கைவிட்ட தோட்டங்களில் பெருகும் தத்துப்பூச்சி ‘ஃப்ளாவெசான்ஸ் தொரே’ என்ற மஞ்சள் நோயைப் பக்கத்துக் கொடிகளுக்குக் கொண்டுபோகும். நோயை வெறுமனே விட்டுவைப்பதைவிட, பிடுங்கக் காசு கொடுப்பது ஊருக்கு மலிவு.

பிடுங்கினால் நீண்ட காலத்துக்கு அங்கே மறுபடி கொடி நடக்கூடாது. திரும்பி வர முடியாத முடிவு, அதனால் வீட்டில் வாக்குவாதம் நீண்டது. தந்தை பழைய நிலத்தைத் தொடக்கூடாது என்றார். அவருடைய அப்பா நட்ட கொடி அது. மகள் புது நிலத்தைத் தொடக்கூடாது என்றார், அதற்காகத்தான் கடன். இரண்டுமே கடந்துபோன செலவைப் பார்த்துப் பேசியவை. வங்கி அதிகாரி முழு 30-ஐயும் பிடுங்கிவிட்டு நிலத்தை விற்கலாம் என்றார். பொதுப்பெயர் நிலத்தின் விலை இறங்கிக்கொண்டிருந்ததால் அதுவும் கடனை முழுசாக அடைக்காது.

நான் முன்வைத்த கேள்வி ஒன்றே: இந்தத் துண்டு நிலம் அடுத்த பத்து ஆண்டில் எந்த விலைக்கு, யாருக்கு, எதை விற்கும்? பதில் இல்லாத நிலம் போகட்டும்.

அதன்படி அகல வரிசையில் 13 எக்டேர் போனது. புது நிலத்தில் உறைபனி விழும் தாழ்வான 3 எக்டேரும் போனது. பத்து வயதைச் சற்றே தாண்டிய கொடி, மகளுக்கு அதுதான் கடினமாக இருந்தது. சரிவிலிருந்த பழங்கொடி 4 எக்டேர் நின்றது, தந்தையின் விருப்பத்துக்காக அல்ல, உணவகங்கள் தொடர்ந்து கேட்டது அந்த ஒயினை என்பதால். புது நிலத்தில் 7 எக்டேர் நின்றது.

அகல வரிசையில் மீதியிருந்த 3 எக்டேர் மெர்லோவுக்கு வேறு வழி கிடைத்தது. சிவப்புத் திராட்சையைச் சீக்கிரம் பறித்து மெதுவாகப் பிழிந்தால் நிறமற்ற சாறு வரும், கிரேமான் எனும் நுரைக்கும் ஒயினுக்கு அதைப் பயன்படுத்தலாம். சிவப்பு படுத்துக் கிடந்த காலத்தில் போர்தோ கிரேமானுக்குக் கேட்பு கூடிக்கொண்டிருந்தது. கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி, அந்தச் செலவு கூடும். ஆனால் புதிதாக எதையும் நட வேண்டியதில்லை. ஒப்பந்தம் முறிந்தால் மறுபடி சிவப்பு ஒயினுக்குத் திருப்பிவிடலாம். மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள்.

இயற்கை வேளாண்மைக்கு மாறுவதும் பேசப்பட்டது. ஈரமான போர்தோவில் அடிச்சாம்பல் நோயைத் தாமிர மருந்தை மட்டும் வைத்துத் தடுக்க அடிக்கடி தெளிக்க வேண்டும். 2018-இல் அந்த நோயின் வேகத்தைக் கண்டவர்கள் என்பதால் அதைத் தள்ளிவைத்தார்கள். பீப்பாய் கொள்முதலை உடனே நிறுத்தினார்கள்.

அதன்பின்

16 எக்டேருக்குக் கிடைத்த 96,000 யூரோ முழுவதும் கடனுக்குப் போயிற்று, நின்ற தொகையில் பாதி. ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியின் இடத்துக்குப் புது ஆள் எடுக்கவில்லை. பெரிய டிராக்டரை விற்றார்கள்.

2024 மழையும் அடிச்சாம்பல் நோயுமான ஆண்டு. நிலம் பாதியாகச் சுருங்கியிருந்ததால் மருந்தை நேரத்துக்குத் தெளிக்க முடிந்தது. இழப்பு பக்கத்துத் தோட்டங்களைவிடக் குறைவு. அதே ஆண்டு அரசு நாடு முழுவதற்கும் இன்னொரு பிடுங்கும் திட்டத்தை அறிவித்தது, எக்டேருக்கு 4,000 யூரோ. காத்திருந்து பார்க்கலாம் என்ற பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு விண்ணப்பித்தார். காத்திருந்ததற்கு அவர் கொடுத்தது எக்டேருக்கு 2,000 யூரோவும், இடைப்பட்ட பருவத்தின் நட்டமும்.

ஓக் படாத ஒயின் புது லேபிளில் 3.40-க்குப் போகிறது, பழங்கொடி ஒயின் பழைய பெயரிலேயே 5.50-க்கு. 2024 முடிவில் கணக்கு வரவும் செலவும் சமமாக நின்றது. பெரிய லாபம் இல்லை. மகள் வாரத்தில் இரண்டு நாள் வெளியே வேலைக்குப் போகிறார்.

மறுபடி செய்தால்

முதலில் மாறியிருக்க வேண்டியது 2011 செலவின் வரிசை. தரத்தில் முதலீடு செய்ததே தப்பு என்று நான் நினைக்கவில்லை. பழங்கொடி 4 எக்டேரே ஆண்டுக்கு 15,000 பாட்டிலுக்கு மேல் தரும். அதை வைத்து ஐந்தாறு ஆண்டு விற்றுப் பார்த்திருந்தால் நட வேண்டிய புது நிலம் 10 எக்டேரா, 3 எக்டேரா என்பது தெரிந்திருக்கும். கொடி நடுவது முப்பது, நாற்பது ஆண்டுப் பந்தயம். பாட்டில் விற்கக் கற்றுக்கொள்வதை நாளையே நிறுத்திவிடலாம். திரும்பப் பெறக்கூடிய செலவை முதலிலும் பெற முடியாததைக் கடைசியிலும் வைத்திருக்கலாம்.

45,000 பாட்டிலில் 30,000 ஒருவரிடம் போன நாளில் அது வெற்றியாக எழுதப்பட்டது. மகள் இப்போது எந்த வாங்குபவருக்கும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை.

2018-இல் இரண்டாவது லேபிள் ஒன்றைத் தொடங்கியிருக்கலாம். பெரிய தோட்டங்கள் நெடுங்காலமாகச் செய்வது அது. தேர்ந்த ஒயின் முதல் பெயரில், மீதி வேறு பெயரில் குறைந்த விலைக்கு. தேங்கிய சரக்கை அங்காடிக்கு அந்த வேறு பெயரில் தள்ளியிருந்தால் உணவகங்களுக்குச் சொல்லும் விலை உடைந்திருக்காது. மறு லேபிள் அச்சிட ஆகும் செலவு பாட்டிலுக்குச் சில சென்ட்.

துண்டு துண்டாகக் கணக்கு வைப்பது இப்போது நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் தோனோ விலையை அந்தந்த நிலத்தின் தவிர்க்கக்கூடிய செலவோடு ஒப்பிடுகிறார்கள். 2025 ஜனவரியில் ஒப்பிட்டபோது 7 எக்டேர் புது நிலத்தில் இரண்டு இன்னும் பாட்டிலுக்குப் போகாமல் மொத்தச் சந்தைக்கே போவது தெரிந்தது. கிரேமான் ஒப்பந்தம் ஒரே நிறுவனத்தோடு என்பதும் பேச்சில் வந்தது. அது முடியும் முன் இரண்டாவது வாங்குபவரைத் தேடுவது என்றும், கிடைத்தால் அந்த 2 எக்டேரையும் அதற்கே திருப்புவது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள்.